ஆர்ம் பில்டர்ல மட்டும் தொங்கின டெஸ்ட்: ஒரு பேக்கேஜோட நிகழ்வு ஆய்வு

பின்னணி

டெபியனை (ஒரு லினக்ஸ் வகை) அடிப்படையா வச்சு தனியா ஒரு ரெப்போசிட்டரி நடத்துற சின்னக் குழுவுல நடந்த விஷயம் இது. ஆளுங்க பேரு, பேக்கேஜ் பேரு எதுவும் போடல. அந்த டூலை எழுதினவர் சம்பளம் எதுவும் இல்லாம சொந்த நேரத்துல பல வருஷமா பாத்துக்கிட்டு இருக்கார், அவரைக் குத்தம் சொல்றதுக்கு இத எழுதல. குழுவுல என் வேலை, மத்தவங்க அனுப்புற அப்லோடை ரிவ்யூ பண்றது.

குழு அதுவரைக்கும் ஏஎம்டி64க்கு (வழக்கமான 64 பிட் எக்ஸ்86 சில்லு) மட்டும்தான் பேக்கேஜ் கட்டிக்கிட்டு இருந்துச்சு. புதுசா ஆர்ம்64 (64 பிட் ஆர்ம் சில்லு) சர்வருங்க வந்ததும் அதே சோர்ஸை எல்லாம் அதுக்கும் ஒரு தடவை பில்ட் பண்ணணும்னு ஆச்சு, பெரும்பாலானது சத்தமே இல்லாம ஓடி முடிஞ்சிருச்சு, நின்னது கொஞ்சம்தான், அதுலயும் பாதி டிபென்டென்சி இன்னும் வரலைங்கிற மாதிரி சாதாரண காரணம். ஒண்ணு மட்டும் புரியாத மாதிரி நின்னுச்சு.

அது சி மொழியில எழுதின சின்ன டூல். கான்ஃபிக் ஃபைல்ல சொன்ன விதிப்படி பழைய லாக் ஃபைலுங்களை அழிச்சு, மிச்சத்தைச் சுருக்கி வைக்கும், க்ரான்ல (குறிச்ச நேரத்துல தானா ஓட்டுறது) ரூட்டா, அதாவது முழு அதிகாரத்தோட ஓடும். இதுல கவனிக்க வேண்டியது, கான்ஃபிக்ல ஒரு வரியைத் தப்பா படிச்சா எரர் மெசேஜோட போகாது, ஃபைலே போயிடும். பின்னாடி எடுத்த முடிவு ஒவ்வொண்ணுக்கும் இதுதான் அடிப்படை.

பில்டர்ல தெரிஞ்சது

கம்பைல் சுத்தமா முடிஞ்சிருந்துச்சு, வார்னிங் ஒண்ணுகூட இல்ல. மேக் செக் (பேக்கேஜோட டெஸ்டுங்களை ஓட்டுற கட்டளை) ஆரம்பிச்சு வரிசையா பாஸ், பாஸ்னு வந்து, காமென்ட் சம்பந்தப்பட்ட ஒரு டெஸ்டோட பேரைப் போட்டுட்டு லாக் அப்படியே நின்னுருச்சு. பில்டர்ல பேக்கேஜ் கட்டுற எஸ்பில்ட்ல 150 நிமிஷம் லாக்ல எதுவும் எழுதலைன்னா பில்டைக் கொன்னுடும்படி வச்சிருந்தாங்க, அதுபடி கொன்னுருச்சு. க்ராஷ் இல்ல, செக்ஃபால்ட் இல்ல, ஃபெயில்னு ஒரு வார்த்தைகூட இல்ல.

பேக்கேஜைப் பாத்துக்கிறவர், குழுவுல புதுசா சேந்தவர், திரும்ப ஓட விட்டார். அதே டெஸ்ட், அதே இடம், அதே 150 நிமிஷம். ஒரு தடவை திரும்ப ஓட்டுறதுல தப்பே இல்ல, நெட்வொர்க் சொதப்புறது டிஸ்க் நிறையறது எல்லாம் தினம் நடக்குறதுதான். ஆனா ரெண்டு ஓட்டமும் ஒரே டெஸ்ட்ல நின்னா அது எப்பயாவது வர்ற கோளாறு இல்ல, மூணாவது தடவை ஓட்டி புதுசா எதுவும் தெரிஞ்சுக்கப் போறதில்லைன்னு அவர்கிட்ட சொன்னேன்.

முதல்ல எடுத்த முடிவுகள்

குழுவோட உரையாடல்ல உடனே வந்த யோசனை நோசெக் போட்டுடலாம்ங்கிறது, அதாவது பில்ட் ஆப்ஷன்ல டெஸ்டையே ஓட்டாம விட்டுட்டு பேக்கேஜை வெளிய விடறது. சொன்னவருக்கும் அவர் பக்கம் நியாயம் இருந்துச்சு, இந்தப் பேக்கேஜை நம்பி இன்னும் சில பேக்கேஜுங்க வரிசையில காத்துக்கிட்டு இருந்துச்சு, பில்டர் ஒண்ணுதான் இருக்கு, ஒவ்வொரு தொங்கலும் அதோட ரெண்டரை மணி நேரத்தைத் தின்னுது.

நான் ஒத்துக்கல. ரூட்டா ஓடி ஃபைல் அழிக்கிற டூல் இது. காரணம் தெரியாம டெஸ்டை அணைச்சா, அந்தத் தொங்கல் பில்டர்ல இருந்து சர்வருக்கு இடம் மாறும், அவ்வளவுதான். கடைசியில ஏஎம்டி64 பேக்கேஜ் அப்படியே இருக்கட்டும், ஆர்ம்64க்கு இதை மட்டும் நிறுத்தி வைப்போம், இதை நம்பியிருக்கிறதும் காத்திருக்கட்டும்னு முடிவாச்சு. அதோட மேக் செக்கை பில்டர்ல ஓட்டாம, தனியா ஒரு ஆர்ம் மெஷின்ல கையால ஓட்டிப் பாக்குறதுன்னும் முடிவு பண்ணோம், தொங்குற ப்ராசஸ் உயிரோட இருக்கும்போதே உள்ள எட்டிப் பாக்கணும்ல, கொன்னதுக்கு அப்புறம் லாக்ல பாக்குறதுக்கு ஒண்ணும் இருக்காது.

இதுக்கு நடுவுல ஆளாளுக்கு ஒரு சந்தேகம் சொன்னாங்க. ஆர்ம்னாலே மெமரி ஆர்டரிங் தளர்வு (ஒரு த்ரெட் மெமரில எழுதுற வரிசை இன்னொரு த்ரெட்டுக்கு மாறித் தெரியலாம்), அதுவாதான் இருக்கும்னு ஒருத்தர். ஆனா இந்த டூல்ல த்ரெட்டே கிடையாது. ஜிசிசி (சி கம்பைலர்) ஆப்டிமைசேஷன்ல பிழைன்னு ஒருத்தர், மெஷினே கோளாறுன்னு இன்னொருத்தர். எதையும் அப்பவே ஒதுக்கல, ஆனா எந்தச் சந்தேகத்துக்கும் ஆதாரம் இல்லைங்கிறதைக் குறிச்சு வச்சுக்கிட்டோம்.

ப்ராசஸுக்குள்ள எட்டிப் பாத்தது

கையால ஓட்டினா உடனே தொங்குச்சு. டாப் கட்டளையில பாத்தா ஒரு சிபியு நூறு சதவீதம். இதுலயே பாதி சந்தேகம் போயிடுச்சு, ஏன்னா பூட்டுக்கோ (lock) பைப்புக்கோ நெட்வொர்க்குக்கோ காத்திருக்கிற ப்ராசஸ் தூங்கிக்கிட்டு இருக்கும், சிபியு எடுக்காது. மெமரியும் ஏறல. ஆக எதையோ சுத்திச் சுத்தி வருது, ஆனா எதையும் சேத்து வைக்கல.

அடுத்தது எஸ்ட்ரேஸ், ஒரு ப்ராசஸ் கர்னலைக் கூப்பிடுற ஒவ்வொரு தடவையும் ஒரு வரி காட்டுற டூல். ஓடுற ப்ராசஸ்ல மாட்டினா ஒரு வரிகூட வரல. ஆரம்பத்துல இருந்தே எஸ்ட்ரேஸோட ஓட்டினா, கான்ஃபிக் ஃபைலைத் திறக்குது, படிக்குது, அடுத்த ரீட் 0ன்னு திரும்புது, அதாவது ஃபைல் முடிஞ்சிருச்சு, அதுக்கு மேல கர்னலைக் கூப்பிடவே இல்ல. இங்க குழுவுல மூத்தவர் ஒருத்தர் கொஞ்சம் குழம்பினார். ஃபைல் முடிவுல சுத்துற லூப்னா ரீட் 0, ரீட் 0ன்னு எஸ்ட்ரேஸ்ல கொட்டணுமே, நான் பழைய சிஸ்டத்துல அப்படித்தானே பாத்திருக்கேன்னு கேட்டார். அவர் சொன்னது அந்தக் காலத்துக்குச் சரிதான். 2018 ஆகஸ்ட்ல வந்த ஜிலிப்சி (லினக்ஸ்ல வழக்கமான சி லைப்ரரி) 2.28ல இருந்து, ஒரு ஃபைல் முடிஞ்சிருச்சுன்னு ஒருக்கா குறிச்சுட்டா, க்ளியர்எர் மாதிரி ஏதாவது கூப்பிட்டு அதை அழிக்கிற வரைக்கும் லைப்ரரி திரும்ப ரீட் பண்ணிப் பாக்காது, நேரா இஓஎஃப், அதாவது ஃபைல் முடிஞ்சதுங்கிற குறியைத்தான் கொடுக்கும். அதனால எஸ்ட்ரேஸ்ல எதுவும் வராம இருந்ததே ஒரு தடயம்தான், லூப் முழுக்க கர்னலுக்குப் போகாம யூசர் பக்கத்துலயே சுத்துது.

அப்புறம் ஜிடிபி (டீபக்கர்). மாட்டி பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன்ல நிக்குதுங்கிற பட்டியல்) எடுத்தா, கான்ஃபிக் ஃபைலைப் படிக்கிற பார்சர்ல காமென்டைத் தாண்டிப் போற ஒரு குட்டி ஃபங்ஷன்ல நிக்குது. எழுத்தை வாங்குற மாறியோட (வேரியபிள்) மதிப்பைக் கேட்டா ஆப்டிமைஸ்ட் அவுட்னு சொல்லிருச்சு. சரின்னு பில்ட் ஆப்ஷன்ல நோஆப்ட் போட்டு, ஆப்டிமைசேஷன் இல்லாம கட்டிப் பாத்தோம். அதுலயும் தொங்குச்சு, ஜிசிசி ஆப்டிமைசேஷன் மேல இருந்த சந்தேகமும் அதோட அடிபட்டுருச்சு. இப்ப மதிப்பைக் கேட்டா 255. எத்தனை தடவை நிறுத்தி நிறுத்திக் கேட்டாலும் 255தான்.

காரணம்

அந்த ஃபங்ஷன் ரெண்டு மூணு வரிதான். கெட்சி (ஃபைல்ல இருந்து ஒரு எழுத்து எடுக்கிற சி ஃபங்ஷன்) மூலமா ஒவ்வொரு எழுத்தா எடுக்கும், நியூலைனோ (வரி முடிவு) இஓஎஃபோ வர்ற வரைக்கும் தூக்கிப் போட்டுக்கிட்டே இருக்கும். படிச்சா ஒரு தப்பும் தெரியாது. தப்பு மேல, மாறியை அறிவிச்ச இடத்துல. அதை இன்ட்டா (முழு எண்) வைக்காம கேரா (ஒரே ஒரு பைட்) வச்சிருந்தாரு.

கெட்சி திருப்பித் தர்றது இன்ட். 0ல இருந்து 255 வரைக்கும் எந்த பைட்டும் வரலாம், அதுக்கு மேல தனியா ஒண்ணு, இஓஎஃப், அது ஜிலிப்சில மைனஸ் 1. மொத்தம் 257 விதமான பதில். 256 மதிப்பு மட்டும் புடிக்கிற கேர்ல இத அடைச்சா ரெண்டு பதில் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தே ஆகணும்.

எது மேல எது விழுதுங்கிறதுதான் மெஷினுக்கு மெஷின் மாறுது. வெறும் கேர்னு எழுதினா அது சைன்டா (மைனஸ் எண்ணும் புடிக்கும்) அன்சைன்டான்னு (புடிக்காது) சி தரநிலை சொல்லல, அந்தந்த இடத்தோட இஷ்டத்துக்கு விட்டிருக்கு. எக்ஸ்86 லினக்ஸ்ல சைன்ட், ஆர்ம் லினக்ஸ்ல அன்சைன்ட். பழைய ஆர்ம் சில்லுங்கள்ல ஒரு பைட்டை சைனோட லோட் பண்ற இன்ஸ்ட்ரக்‌ஷனே கிடையாது, அது பின்னாடி ஆர்ம்வி4லதான் வந்துச்சு, அதுக்குள்ள அன்சைன்ட்ங்கிறது வழக்கமாயிடுச்சு. அன்சைன்டா இருந்தா மைனஸ் 1 உள்ள போகும்போது 255 ஆயிடும், 255 எப்பவும் மைனஸ் 1க்குச் சமம் ஆகாது, இஓஎஃப் வந்துக்கிட்டே இருக்கும், லூப்புக்குத் தெரியவே தெரியாது. முதல்ல கட்டின பைனரியை ஆப்ஜ்டம்ப் பண்ணி, அதுல இருக்கிற மெஷின் இன்ஸ்ட்ரக்‌ஷனுங்களைப் பாத்தா இன்னும் பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு, நியூலைனோட ஒப்பிடுற இன்ஸ்ட்ரக்‌ஷன் மட்டும்தான் இருக்கு, இஓஎஃபோட ஒப்பிடுறதை எப்படியும் நடக்காதுன்னு கம்பைலர் தூக்கியே போட்டிருக்கு. கம்பைலர் பண்ணது சரிதான்.

மத்த டெஸ்ட் எல்லாம் ஏன் பாஸ் ஆச்சுன்னா, பார்சரோட மெயின் லூப்ல இன்ட்தான் இருந்துச்சு. காமென்ட் ஃபங்ஷன் பின்னாடி சேத்தது. கடைசி வரி காமென்டா இருந்து, அது நியூலைன் இல்லாம முடிஞ்சாதான் இந்த ஃபங்ஷனுக்குள்ள இஓஎஃப் வரும். அப்படி ஒரு ஃபைலைக் கொடுத்தது அந்த ஒரு டெஸ்ட் மட்டும்தான்.

எக்ஸ்86லயே வரவச்சது

காரணம் புரிஞ்சிருச்சுன்னு நினைக்கிறதும் நிரூபிக்கிறதும் வேற வேற. ஜிசிசிலயும் இன்னொரு கம்பைலரான க்ளாங்லயும் வெறும் கேரை அன்சைன்டா எடுத்துக்கோன்னு சொல்ற ஃப்ளாக் இருக்கு, சைன்டா எடுத்துக்கோன்னு சொல்றதும் இருக்கு. ஏஎம்டி64 மெஷின்ல அன்சைன்ட் கேர் ஃப்ளாகோட கட்டினதும் அதே டெஸ்ட் அதே மாதிரி தொங்குச்சு, ஆர்ம் மெஷின்ல சைன்ட் கேர் ஃப்ளாகோட கட்டினதும் பாஸ் ஆச்சு. மாத்தினது ஒரே ஒரு விஷயம், ரெண்டு பக்கமும் தலைகீழாச்சு. ஹார்ட்வேர், கர்னல், மெமரி எல்லாச் சந்தேகமும் இதோட முடிஞ்சுச்சு.

இதுக்கு முன்னாடியே ஒருத்தர் எக்ஸ்86 மெஷின்ல க்யூஎமு (வேற சில்லு மாதிரி நடிக்கிற எமுலேட்டர்) யூசர் மோட்ல அந்த ஆர்ம் பைனரியை ஓட்டி, இங்கயும் தொங்குதுன்னு சொல்லியிருந்தார், அப்ப அதை க்யூஎமு பிழையா இருக்கும்னு ஓரம் கட்டிட்டாங்க. கேர் சைன்டா இல்லையாங்கிறது கம்பைல் ஆகும்போதே பைனரிக்குள்ள உறைஞ்சு போற விஷயம், எமுலேட்டர்ல ஓட்டினாலும் நிஜ சில்லுல ஓட்டினாலும் ஒண்ணுதான். அவர் கொடுத்தது நல்ல தடயம், அன்னிக்கே அதைப் புடிச்சிருந்தா ஹார்ட்வேரைச் சந்தேகப்பட்ட நேரமாவது மிஞ்சியிருக்கும்.

ரெண்டு வழி, ஏன் சுலபமானதை எடுக்கல

முதல் வழி, பேக்கேஜை எப்படிக் கட்டணும்னு சொல்ற டெபியன் ரூல்ஸ் ஃபைல்ல சைன்ட் கேர் ஃப்ளாகை ஒரே வரியில சேத்துடறது. டெஸ்ட் பாஸ், பேக்கேஜ் வெளிய, எல்லாருக்கும் நிம்மதி. பேக்கேஜைப் பாத்துக்கிறவர் இதுக்குத்தான் கை வச்சார், பேட்சும் ரெடியா அனுப்பினார். ரெண்டாவது வழி, சோர்ஸ்ல கேரை இன்ட்டா மாத்துறது.

முதல் பேட்சை நான் திருப்பி அனுப்பினதுக்குக் காரணம், சைன்ட் கேர்ல இந்தப் பிழை இல்லாமப் போறதில்ல, வேற முகத்தைக் காட்டும். அங்க 255ங்கிற பைட் உள்ள போனா மைனஸ் 1 ஆயிடும். அதாவது காமென்டுக்கு நடுவுல ஒரு 255 பைட் வந்தா, ஃபைல் முடிஞ்சிருச்சுன்னு நினைச்சு ஃபங்ஷன் வெளிய வந்துடும், ஆனா ஃபைல் முடியல, காமென்டோட மிச்ச வரியை மெயின் லூப் நிஜ செட்டிங்கா படிக்க ஆரம்பிச்சுடும். அழிக்கிறதுக்கு விதி சொல்ற கான்ஃபிக்ல இது எவ்வளவு மோசம்னு தனியா சொல்ல வேண்டியதில்ல.

இப்ப வழக்கமான எழுத்து என்கோடிங்கான யூடிஎஃப்-8ல 255 பைட் எங்கயும் வராது, அதனாலதான் இத்தனை வருஷமா யார் கண்ணுலயும் படல. பழைய எட்டு பிட் என்கோடிங்ல வரும். விண்டோஸ்-1251ல ரஷ்ய மொழியோட யா எழுத்து சரியா 255, ரஷ்ய மொழியில ஒரு வாக்கியம் எழுதினா அது வராம இருக்கிறதே அபூர்வம். அப்ஸ்ட்ரீமோட (டூலை எழுதின ஆசிரியரோட மூல ப்ராஜெக்ட்) பிழைப் பட்டியல்ல தேடினா, காமென்ட் வரியில தெரியாத கீவேர்ட்னு எரர் வருதுன்னு ஒரு பழைய ரிப்போர்ட் மூடப்படாம கிடந்துச்சு, அனுப்பினவர் காமென்டை ரஷ்ய மொழியில எழுதியிருந்தார். ஆசிரியர் அதைக் காப்பி பண்ணி யூடிஎஃப்-8 ஃபைல்ல ஒட்டிப் பாத்து, எனக்கு வரலையேன்னு விட்டிருந்தார்.

ஆக ஏஎம்டி64ல பல வருஷமா டெஸ்ட் பச்சையா இருந்ததுக்கு அர்த்தம், அந்தக் கேள்வியை யாரும் கேக்கலைங்கிறது மட்டும்தான். ஆர்ம்ல தொங்கின தொங்கல் பாதிப்பு கம்மி, கண்ணுக்கும் தெரியும். ஏஎம்டி64ல இருந்த முகம் சத்தமில்லாம ஃபைலை அழிக்கக்கூடியது, நாங்க ஏற்கெனவே வெளிய விட்டிருந்ததும் அதைத்தான். அதனால முடிவு ரெண்டாவது வழி, அதுவும் ரெண்டு ஆர்க்கிடெக்சருக்கும் சேத்து புது வெர்ஷன்.

புது டெஸ்ட் பொய்யா பாஸ் ஆனது

இந்த இடத்துல கொஞ்சம் நிக்கணும். பேக்கேஜைப் பாத்துக்கிறவர் இன்ட்டா மாத்தி, காமென்டுக்குள்ள 255 பைட் வர்ற மாதிரி புது டெஸ்டும் எழுதினார். ரெண்டு மெஷின்லயும் எல்லாம் பாஸ். நான் கேட்டது ஒண்ணுதான், இந்தப் புது டெஸ்டைப் பழைய கோட் மேல ஏஎம்டி64ல ஓட்டிப் பாத்தீங்களா? அங்க அது ஃபெயில் ஆகணும்.

ஓட்டினார், பாஸ் ஆயிடுச்சு.

அவர் தன்னோட டெர்மினல்ல கையால அடிச்சுப் பாத்தப்ப ஃபெயில் ஆகுது, ஸ்க்ரிப்ட்டா ஓட்டினா பாஸ் ஆகுது. பைட்டை உண்டாக்க ப்ரின்ட்எஃப்ல பேக்ஸ்லாஷ் எக்ஸ் போட்டு பதினாறடிமான எண்ணா எழுதியிருந்தார். அவர் டெர்மினல்ல இருந்த ஷெல் பாஷ், அதுக்கு அது புரியும். டெஸ்ட் ஸ்க்ரிப்ட் ஓடுறது பின் எஸ்எச்ல, டெபியன்ல அது டாஷ்ங்கிற வேற ஷெல், எங்க பில்டர்ல இருந்த டாஷோட ப்ரின்ட்எஃப்புக்கு அது புரியல, அந்த நாலு எழுத்தையும் அப்படியே ஃபைல்ல எழுதிருச்சு. ஃபைல்ல 255 பைட்டே இல்லாததால டெஸ்டு எதையும் சோதிக்காமலே பாஸ். பாசிக்ஸ் தரநிலையில உறுதியா இருக்கிறது பேக்ஸ்லாஷுக்கு அப்புறம் எட்டடிமான எண், அதாவது 377. அப்படி மாத்தினதும் பழைய கோட்ல ஃபெயில், புது கோட்ல பாஸ். ஓடி கட்டளையில போட்டு பைட்டையும் கண்ணால பாத்துக்கிட்டோம்.

என் கணக்குல இந்த நிகழ்வுலயே ஆபத்தான நேரம் இதுதான், தொங்கல் இல்ல. தொங்கலை யாரும் கவனிக்காம விட முடியாது, பொய்யா பச்சை காட்டுற டெஸ்டை யாரும் கவனிக்கவே மாட்டாங்க.

அப்ஸ்ட்ரீம்

பேட்சையும் டெஸ்டையும் ஆசிரியருக்கு அனுப்பினோம். முதல் பதில், என்கிட்ட ஆர்ம் லேப்டாப் இருக்கு, அதுல எல்லா டெஸ்டும் ஓடுது, உங்க பில்டரைப் பாருங்கன்னு வந்துச்சு. அவர் சொன்னது உண்மை. அது ஆப்பிள் மெஷின், ஆப்பிள் தன்னோட 64 பிட் ஆர்ம்ல கேரை சைன்டாவே வச்சிருக்கு. ஒரே சில்லு வகை, வேற ஏபிஐ (ABI, பைனரிங்க எப்படி இருக்கணும்ங்கிற விதி). இது தெரியாம பேசியிருந்தா வாக்குவாதம் நீண்டிருக்கும். ஆர்ம்ங்கிற வார்த்தையையே விட்டுட்டு, உங்க மெஷின்லயே அன்சைன்ட் கேர் ஃப்ளாகோட கட்டிப் பாருங்க, அப்புறம் ஃப்ளாக் எதுவும் இல்லாம இந்த 255 டெஸ்டை ஓட்டிப் பாருங்கன்னு ரெண்டு கட்டளை மட்டும் எழுதினோம். தொங்கல், 255 பிழை ரெண்டுமே அவர் மெஷின்லயே வந்துச்சு, அடுத்த பதில்ல பேட்சை எடுத்துக்கிட்டார், அந்தப் பழைய ரஷ்ய ரிப்போர்ட்டையும் சேத்து மூடினார்.

பின்னாடி நடந்தது

ஒரு இடத்துல இருந்தா இன்னொரு இடத்துலயும் இருக்கும்னு மிச்ச சோர்ஸையும் பாத்தோம். ஜிசிசில டபிள்யூ-எக்ஸ்ட்ரா (கூடுதல் வார்னிங் தர்ற ஃப்ளாக்) போட்டா இந்த மாதிரி ஒப்பீடு எப்பவும் ஒரே பதில்தான்னு வார்னிங் வரும், ஆனா கேர் அன்சைன்டா இருந்தாதான் வரும். ஏஎம்டி64ல சும்மா போட்டா வாயே திறக்காது, அன்சைன்ட் கேர் ஃப்ளாகையும் சேத்துப் போட்டா காட்டும். ஆர்ம் பில்ட்லயும் முதல்ல வார்னிங் வராததுக்குக் காரணம், டெபியனோட வழக்கமான பில்ட் ஃப்ளாகுங்கள்ல டபிள்யூ-எக்ஸ்ட்ரா கிடையாது, அப்ஸ்ட்ரீமும் போடல.

அப்படித் தேடினதுல அதே பேக்கேஜோட வர்ற இன்னொரு குட்டி ஹெல்பர்ல, கெட்ஆப்ட் (கட்டளையோட ஆப்ஷனுங்களைப் படிக்கிற ஃபங்ஷன்) திருப்பித் தர்றதைக் கேர்ல வாங்கியிருந்தது கிடைச்சுச்சு. ஆப்ஷனுங்க தீந்ததும் கெட்ஆப்டும் மைனஸ் 1தான் தரும், ஆக ஆர்ம் லினக்ஸ்ல அந்த ஹெல்பரை எப்படிக் கூப்பிட்டாலும் தொங்கும். அதுக்கு டெஸ்டே இல்ல. நோசெக் போட்டோ ஃப்ளாக் இல்லாமலோ பேக்கேஜை விட்டிருந்தா முதல் நாள் க்ரான்லயே தெரிஞ்சிருக்கும்.

அடுத்த தடவை மாத்துறது

புது ஆர்க்கிடெக்சருக்குப் போறதுக்கு முன்னாடியே சி பேக்கேஜுங்களை இருக்கிற மெஷின்லயே அன்சைன்ட் கேரும் டபிள்யூ-எக்ஸ்ட்ராவும் போட்டு ஒரு தடவை கட்டி, வார்னிங்கை மட்டும் சேத்து எடுக்கிறதுன்னு வச்சிருக்கோம். பில்ட் நேரம்தான் செலவு, புது ஹார்ட்வேர் வேண்டாம்.

பில்டர் 150 நிமிஷம் சும்மா சூடாகுறதை நிறுத்த, டெஸ்ட் ஒவ்வொண்ணையும் டைம்அவுட் கட்டளைக்குள்ள ஓட்டுறோம். நேரம் தாண்டினா அது 124ன்னு வெளியேறும், லாக்லயும் எந்த டெஸ்டுன்னு தெளிவா வரும். கொல்றதுக்கு வழக்கமான டெர்ம் சிக்னலுக்குப் பதிலா அபார்ட் அனுப்பச் சொல்லியிருக்கோம், கோர் டம்ப் (சாகும்போது ப்ராசஸோட மெமரியை ஃபைலா எழுதி வைக்கிறது) அனுமதிச்சிருந்தா அடுத்த நாள்கூட ஜிடிபில திறந்து எங்க நின்னுச்சுன்னு பாக்கலாம். இதுல ஒரு சங்கடமும் இருக்கு, மெதுவான மெஷின்ல நிஜமாவே நேரம் எடுக்கிற டெஸ்டுங்களும் அடிபடும், அதுக்கு எவ்வளவு வைக்கிறதுன்னு பேக்கேஜுக்குப் பேக்கேஜ் பாத்துதான் வைக்க வேண்டியிருக்கு.

ரிவ்யூல ஒரு கேள்வி சேந்திருக்கு: பிழைத் திருத்தத்தோட புது டெஸ்டு வந்தா, பழைய கோட் மேல ஓட்டின லாக் எங்க? அது இல்லைன்னா அப்லோட் நிக்கும். சிலர் இதை வேண்டாத வேலைன்னு முணுமுணுத்தாங்க, இன்னும் முணுமுணுக்குறாங்க.

ரெண்டு ஆர்க்கிடெக்சருக்கும் புது வெர்ஷன் போயாச்சு, காத்திருந்த பேக்கேஜுங்களும் பின்னாடியே போயிருச்சு. காமென்ட் திருத்தம் அப்ஸ்ட்ரீம் ரிலீஸ்ல வந்துருச்சு. கெட்ஆப்ட் திருத்தம் இன்னும் வரல, எங்க பேட்சஸ் டைரக்டரியில இருக்கு, அப்ஸ்ட்ரீமுக்கு அனுப்பியாச்சு, அடுத்த ரிலீஸ் வந்ததும் எடுத்துடலாம்னு அதோட ஹெடர்ல எழுதி வச்சிருக்கு.